வண்டியும் நாமும்: தகவல் திரைக்கு ஒரு பொத்தான்



உங்கள் வீட்டு வாசலில் நிற்பது பிக்கப் வண்டியா? அப்படியானால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றவும், விடியற்காலையில் காய்கறியை மார்க்கெட்டில் இறக்கவும், வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகவும் இந்த ஒரே வண்டியை நம்பியிருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம்.

வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் விலை குறைந்த ரகத்தைத்தான் வாங்குகிறோம். அதில் தவறொன்றும் இல்லை. பல கம்பெனிகளில் எஞ்சினும் சேசிசும் இரண்டு ரகத்துக்கும் ஒன்றுதான். ஆனால் விலை கூடிய ரகத்தில் ஸ்டியரிங்கிலோ டேஷ்போர்டிலோ சில பொத்தான்கள் இருக்கும். நம் வண்டியில் அதே இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி! அந்தப் பொத்தானை அழுத்தினால் மீட்டருக்கு நடுவே உள்ள சிறு திரையில், வண்டி எவ்வளவு டீசல் குடிக்கிறது, தாங்கியில் உள்ளது இன்னும் எத்தனை கிலோமீட்டருக்கு வரும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும்.

"கம்பெனிப் பொத்தானையே வாங்கி நம் வண்டியிலும் மாட்டிக்கொள்ள முடியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். பல வண்டிகளில் முடியும். ஆனால் பொத்தானை வாங்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது வெறும் அலங்காரமா?

இல்லை. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாதம் 200 லிட்டர் ஊற்றிய குடும்பத்துக்கு 430 வெள்ளி செலவு 670 வெள்ளியாயிற்று. தகுதியுள்ளோருக்கு அரசாங்கம் புடி மடானி உதவியாக மாதம் 200 வெள்ளி கொடுத்தது. அதைக் கழித்தாலும் 40 வெள்ளி கைப்பிடித்தமே. எத்தனை லிட்டர் போகிறது என்று தெரியாமல் வண்டி ஓட்டுவது, கடைப் புத்தகத்தைப் பார்க்காமல் சாமான் வாங்குவது போலத்தான்.

திரை எப்படிக் கணக்குப் போடுகிறது?

இது ஒன்றும் மாயமில்லை. எஞ்சினுக்குள் எவ்வளவு டீசலைப் பீய்ச்சுவது என்று முடிவு செய்வதே எஞ்சின் கம்ப்யூட்டர்தான். ஆகவே செலவான டீசல் அதற்குத் தெரியும். சக்கரம் சுற்றுவதை வைத்து ஓடிய தூரமும் தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கணக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டின் காடிலாக் செவீல் காரிலேயே இத்தகைய பயணக் கம்ப்யூட்டர் விருப்பத்தின் பேரில் கிடைத்தது. பின்னர் 1986-இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம், வண்டிக்குள் இருக்கும் பல கம்ப்யூட்டர்கள் இரண்டே கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்ளும் முறையை வெளியிட்டது. இன்று எஞ்சின் சொல்வதை மீட்டர் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் அந்த முறையில்தான்.

ஆகவே, விலை குறைந்த வண்டியிலும் கணக்கு உள்ளே இருக்கக்கூடும். அதைக் கேட்டு வாங்கும் பொத்தான்தான் இல்லை.

முதலில் காசில்லாத சோதனை

மீட்டர் பக்கத்தில் கிலோமீட்டரைப் பூஜ்யமாக்கும் ஒரு சிறு குச்சி அல்லது பொத்தான் இருக்கும். வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, அதை ஒரு தரம், இரு தரம், சற்று நேரம் பிடித்தபடி என்று அழுத்திப் பாருங்கள். வண்டியோடு வந்த கையேட்டையும் புரட்டுங்கள். அமெரிக்காவில் விற்ற 2007 முதல் 2013 வரையிலான செவ்ரலே சில்வராடோ பிக்கப்பின் கையேட்டில் "பொத்தான் உள்ள வண்டி", "பொத்தான் இல்லாத வண்டி" என்று இரண்டு தனிப் பகுதிகளே உண்டு. பொத்தான் இல்லாத வண்டிக்காரர்கள் அந்தக் குச்சியை வைத்தே திரையை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வண்டியிலும் வேண்டிய தகவல் இப்படியே கிடைத்துவிட்டால் செலவே இல்லை!

மூன்று கேள்விகள்

குச்சியால் காரியம் ஆகவில்லையென்றால், பொத்தானை வாங்குமுன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: பொத்தான் என் வண்டிக்கு உரியதுதானா? பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பல வண்டிகளில் நாலைந்து பொத்தான்களுக்கு ஒரே கம்பிதான். ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் வெவ்வேறு அளவு மின்தடை இருக்கும். அந்த அளவைப் பார்த்துத்தான் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று மீட்டர் கண்டுகொள்கிறது. அளவு மாறினால் ஒன்றை அழுத்த வேறொன்று நடக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அதற்குரிய பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குவதே சரி.

இரண்டாவது: கம்பி வழி இருக்கிறதா? ஸ்டியரிங் சுற்றிக்கொண்டே இருப்பது. அதற்குள் கம்பி அறுந்துபோகாமல் செல்ல, சுருள்போல் மடித்த ஒரு நாடா உண்டு. அதைக் கடைக்காரர்கள் ஸ்பைரல் கேபிள் என்றும் கிளாக் ஸ்பிரிங் என்றும் சொல்வார்கள். விலை குறைந்த சில ரகங்களில் அந்த நாடாவில் ஹாரனுக்கும் காற்றுப்பைக்கும் மட்டுமே வழி இருக்கும். அப்போது அதையும் மாற்றியாக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை இங்கேதான் ஆரம்பம். பொத்தான் டேஷ்போர்டில் இருக்கும் வண்டியானால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது: மீட்டருக்குப் பொத்தானின் பாஷை தெரியுமா? சில வண்டிகளில் மாட்டியவுடன் வேலை செய்யும். சில புது வண்டிகளில் "இனி உனக்குப் பொத்தான் உண்டு" என்று ஸ்கேனர் கருவி கொண்டு மீட்டருக்குச் சொல்ல வேண்டும். வேறு சிலவற்றில் மீட்டரையே மாற்றினால்தான் நடக்கும். மீட்டரை மாற்றும் நிலை வந்தால், விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்குப் பல மாதம் டீசல் ஊற்றலாம்.

வாரண்டி முடியாத வண்டியானால், கை வைக்குமுன் விற்ற இடத்தில் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

காற்றுப்பையோடு விளையாட்டு வேண்டாம்

ஸ்டியரிங்கின் நடுவே, உங்கள் நெஞ்சுக்கு நேராக இருப்பது காற்றுப்பை. அதற்குள் வெடிமருந்து இருக்கிறது. ஸ்டியரிங் பொத்தானை மாட்ட அதைக் கழற்றாமல் முடியாது. எனவே இந்த வேலையை வீட்டு வாசலில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்து செய்யாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அவர் செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் காற்றுப்பைச் சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். குறைந்தது 90 விநாடி காத்திருக்கும்படி டொயோட்டா நிறுவனம் கூறுகிறது. மஞ்சள் நிற உறையும் மஞ்சள் பிளக்கும் காற்றுப்பைக்கு உரியவை. அந்தக் கம்பியை வெட்டவோ, அதில் டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்க்கவோ கூடாது. கழற்றிய காற்றுப்பையை முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். ஸ்பைரல் கேபிளை, முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது, நடு அடையாளம் பொருந்தும்படி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் வண்டியை முழுதாகத் திருப்பும்போது அது அறுந்துபோகும். ஹாரனும் போகும், காற்றுப்பையும் செயலிழக்கும்.

ஹாஃப்கட் கடையில் முழு ஸ்டியரிங்கும் காற்றுப்பையோடு கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள், காற்றுப்பை உங்கள் வண்டியினுடையதே இருக்கட்டும். டக்காட்டா நிறுவனம் செய்து பல கம்பெனி வண்டிகளில் பொருத்தப்பட்ட காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் மருந்து, நம் நாட்டைப் போன்ற வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக் கணக்கில் இருந்து கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. 2014-இல் சரவாக்கின் சிபுவில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இதனால் உயிரிழந்தார். எங்கே, எத்தனை ஆண்டு கிடந்தது என்று தெரியாத காற்றுப்பையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொள்வானேன்?

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்புங்கள். காற்றுப்பை விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டி வந்துவிடாதீர்கள்.

பொத்தான் வந்த பின்

திரை சொல்வதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். டீசலை நிரம்ப ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். 580 கிலோமீட்டருக்கு 58 லிட்டர் என்றால், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர். இதைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சொல்கிறது என்று புரிந்துவிடும். வண்டிக்குப் பெரிய டயர் மாட்டியிருப்பவர்கள் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், 105 கிலோமீட்டர் ஓடியதை வண்டி 100 என்றே எண்ணும். வேகத்தையும் குறைத்தே காட்டும். அப்புறம் சமன் வந்தால் திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

"இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்ற எண்ணை மட்டும் மலைப்பாதையில் நம்பாதீர்கள். அது நீங்கள் இதுவரை ஓட்டிய விதத்தை வைத்துச் சொல்லும் கணிப்பு. நெடுஞ்சாலையில் நிதானமாக வந்து தாப்பாவில் இறங்கி, பாரத்தோடு கேமரன் மலைக்கு ஏறத் தொடங்கினால் அந்த எண் மளமளவென்று சரியும்.

டயரில் காற்றைச் சரிபார்த்து, தேவையில்லாத சாமானை இறக்கிவைத்து, மிதமாக ஓட்டிப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு லிட்டர் குறைந்தாலும், மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 20 லிட்டர் மிச்சம். 3 வெள்ளி 35 காசு விலையில் அது 67 வெள்ளி. உங்கள் ஊரில் இன்றுள்ள விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அரிசிக்கும் பாலுக்கும் கணக்கு எழுதும் அதே நோட்டில் வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்று மூன்றே வரிசை போதும். பொத்தான் எண்ணைக் காட்டும். காசை மிச்சம் பிடிப்பது அந்த நோட்டுதான். பொத்தான் மாட்ட வழியே இல்லாத வண்டிக்கும் அந்த நோட்டு உதவும்.

மீண்டும் சந்திப்போம். நிதானமாக ஓட்டுங்கள், நலமாக வீடு திரும்புங்கள்.