55 வயதில் வரும் கடித உறை



கருத்தரிப்பைப் பார்க்கும் சோதனைப் பட்டியை அறியாத வீடு குறைவு. பல பட்டிகளில் தோன்றும் சிவப்புக் கோடு நுண்ணிய பொன் துகள்களின் நிறம். தேடும் பொருளைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரி அத்துகள்களில் ஒட்டியிருக்கும். போதிய துகள்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் கோடு கண்ணுக்குத் தெரியும். கருத்தரித்தவரின் சிறுநீரில் அப்பொருள் தாராளமாக உண்டு. தொடக்கநிலைப் புற்றுநோயின் அடையாளமோ சொற்பம். அதனால் துகளைப் பெரிதாக்குகிறார்கள், வெள்ளி பூசுகிறார்கள், கண்ணுக்குப் பதிலாகக் கருவியால் அளக்கிறார்கள்.

நோர்வேயில் இது எமது வாசலுக்கே வருகிறது. 2022 முதல் படிப்படியாக, 55 வயதாகும் ஆண்டில் ஆண், பெண் இருபாலாருக்கும் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைப் பொதி தபாலில் அனுப்பப்படுகிறது. 'தார்ம்ஸ்க்ரீனிங்' என்பது திட்டத்தின் பெயர். தார்ம் என்றால் குடல். சோதனை இலவசம். இரண்டு ஆண்டுகளுக்கொரு தடவை, மொத்தம் ஐந்து தடவை. மலத்தில் சிறிது எடுத்துத் திருப்பி அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத குருதியை ஆய்வுகூடம் அளக்கும்.

பழைய சோதனை இறைச்சியில் உள்ள குருதிக்கும் ஏமாறும். இப்போதைய பிறபொருளெதிரி மனித ஈமோகுளோபினையே தேடுகிறது. முதல்நாள் இரத்த வறை சாப்பிட்டவரும் பயப்படத் தேவையில்லை!

எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்பது? நோர்வேயின் முன்னோடித் திட்டத்தில் ஒரு கிராம் மலத்துக்கு 15 மைக்கிரோகிராம். இங்கிலாந்து 2019இல் 120 என்று தொடங்கியது. எல்லையைக் குறைத்தால் கூடுதலான நோயாளர் அகப்படுவர். மூலவியாதிக்காரரும் சுகதேகிகளும் வீணாகக் குடல் உட்காட்டிப் பரிசோதனைக்குப் போகவும் நேரிடும். எனவே 'உண்டு' என்று வந்தால் அது புற்றுநோய் என்ற தீர்ப்பல்ல. ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடக்கூடாது. மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, ஒருமுறைச் சோதனை 100 புற்றுநோயில் ஏறத்தாழ 79ஐக் கண்டுபிடிக்கிறது. மீதி தப்பிவிடும். ஐந்து தடவை செய்வதன் காரணம் இதுவே.

நோர்வேஜிய மொழிக் கடிதம் என்று பெற்றோர் மேசையில் போட்டுவிடுவர். மலம் என்றதும் கூச்சம் வேறு. பிள்ளைகளே, உறையைப் பிரித்து விளங்கப்படுத்துங்கள்.

மலத்தில் குருதியைக் கண்ணால் கண்டால், மலம் போகும் வழக்கம் மாறி நீடித்தால், காரணமின்றி உடல் மெலிந்தால், அடுத்த பொதிக்குக் காத்திராமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். போன தடவை 'இல்லை' என்று வந்திருந்தாலும் போகவேண்டும்.