தாச்சியில் எஞ்சிய எண்ணெய்

நாம் சில காலம் கல்லூரி விடுதியொன்றிற்குப் பொறுப்பாக இருந்தோம். வாணிவிழாவன்று விடுதியிலுள்ளோர் அனைவருக்கும் வடை சுட்ட பின்னர், தாச்சியில் எஞ்சிய எண்ணெயை என்ன செய்வதென்று சமையற்காரர் எம்மிடம் வினவினார். "வாய்க்காலில் ஊற்றி, அதன்மேல் கொதிநீரையும் ஊற்றிவிடுங்கள், கரைந்து போய்விடும்" என்றோம். பட்டதாரி சொல்வது பிழையாகாதென்று அந்த நல்ல மனிதர் நம்பினார். அன்று தொடங்கிய வழக்கம் ஓராண்டு நீடித்தது.

பின்னர் ஒரு நாள், பரீட்சைக் காலத்தில், குழாய் அடைத்துக் கழிவுநீர் குசினிக்குள்ளேயே திரும்பி வந்தது. கூலியாள் ஒருவர் அரை நாள் அந்நீரில் நின்று, நனைந்த சுண்ணாம்பை ஒத்த கட்டிகளைக் கையால் அள்ளி வெளியே போட்டார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கினோம். கட்டியொன்றைக் கொதிநீரில் இட்டுப் பார்த்தோம், கரையவில்லை.

ஏன் கரையவில்லை? பொரிக்கும்போதும், பின்னர் வடிகாலில் கிடக்கும்போதும் எண்ணெயின் ஒரு பகுதி பிரிந்து கொழுப்பமிலங்களாகின்றது. அவை நீரிலும் சீமெந்திலும் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து நீரிற் கரையாத ஒருவகைச் சவர்க்காரமாக இறுகுகின்றன. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இது புதிதன்று. சுண்ணக்கற் பூமியின் கிணற்றுநீரில் சவர்க்காரம் நுரைக்க மறுத்து, வாளியில் வெண்படலமாக ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அப்படலமும் அக்கட்டியும் ஓரினமே. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழேதான் உறையும். ஆதலால் எமது நாட்டு வெயிலில் அடைப்பு வராதென்று எண்ணியிருப்பது வீண் துணிவு.

இத்தகைய அடைப்பு ஒரு விடுதியோடு நின்றுவிடுவதன்று. இலண்டனில் வைற்சப்பல் வீதியின் கீழுள்ள பழைய கழிவுநீர்க் கால்வாயில் 2017ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புக் கட்டி 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையுமுடையது. ஈரத்துடைப்புத் தாள்களும் அதனுட் சிக்கியிருந்தன. தொழிலாளர் நீர்ப்பீச்சு கருவிகளோடு வாரக்கணக்கில் உழைத்து அதனை உடைத்தனர். மறு ஆண்டில் அதன் துண்டொன்று இலண்டன் நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டதென்றால் அதன் பெருமையை என்னென்பது!

உணவுச்சாலைகளில் செய்யவேண்டியது கடினமன்று. முதலிற் சட்டியையும் தட்டையும் தாளால் வழித்துத் துடைக்கவேண்டும். அதன் பிறகே நீர். கழுவிய நீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குட் செல்லவேண்டும். அங்கே நீர் வேகங் குறைந்து ஆறும், கொழுப்பு மிதக்கும், எச்சங்கள் அடியிற் படியும், இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். ஆனால் தொட்டியைக் கட்டியவர்கள் அதனை மறந்துவிடுவதுதான் வழக்கம். மிதப்பதும் படிந்ததுமாகத் தொட்டியின் ஆழத்தில் காற்பங்கு நிறைந்ததும் அள்ளிவிடவேண்டும் என்பது பல நாடுகளிற் கைக்கொள்ளப்படும் விதி.

பொரித்து எஞ்சிய எண்ணெய் அத்தொட்டிக்கும் உரியதன்று. அதனை ஆறவிட்டு, மூடியுள்ள பீப்பாவிற் சேர்க்கவேண்டும். அதிலிருந்து டீசலுக்கு ஈடான எரிபொருள் செய்யலாம், சவர்க்காரமும் செய்யலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மலிவாக வாங்கிச் சென்று மீண்டும் பொரிக்கும் கடைக்காரரும் உளர். ஆகவே கொடுக்குமுன், "எதற்காக வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

எமது விடுதிக் குசினியிலும் பின்னர் அத்தகைய பீப்பாவொன்று வைக்கப்பட்டது. அதன் மூடியைப் பூட்டித் திறப்பைச் சமையற்காரர் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார். எம்மிடம் யோசனை கேட்பதையும் அன்றோடு விட்டுவிட்டார்.