ஏட்டில் ஏறாத இரண்டு ஆட்டங்கள்

கும்பளங்கியின் காயலோரத்தில் சீன வலைகள் ஓய்ந்த பிறகும் சில வீடுகளில் விளக்கு அணைவதில்லை. ஐரோப்பாவில் இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் என்றால், குளிர்காலத்தில் இங்கே அது பின்னிரவு ஒன்றரை மணி. கொச்சி வட்டாரத்துப் பையன்களுக்குக் கணக்கெல்லாம் மனப்பாடம். ரியல் மாட்ரிட் ஐரோப்பியக் கோப்பையை வென்றது 15 முறை, கடைசியாக 2024இல். சாம்பியன்ஸ் லீகில் கிறிஸ்டியானோ ரொனால்டோ அடித்த கோல்கள் 140. 2025 இறுதியாட்டத்தில் பாரிஸ் சாங் ஜெர்மெய்ன், இன்டர் மிலானை 5-0 என்று நசுக்கியது. எந்த இறுதியாட்டத்திலும் அவ்வளவு பெரிய கோல் வித்தியாசம் இருந்ததில்லை.

இத்தனை தடித்த பேரேட்டில் இந்தியப் பெயரைத் தேடினால் கண்தான் வலிக்கும். 2016 ஜூனில் நார்வேயின் ஸ்டாபெக் அணிக்காக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் கோல்கீப்பராக இறங்கினார் குர்ப்ரீத் சிங் சந்து. அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் அவர். வம்சாவளியையும் சேர்த்துக்கொள்வதென்றால் (கணக்குப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள்) மொரீஷியஸ் வழி வந்த பிரெஞ்சுக்காரர் விகாஷ் தோராசூ இருக்கிறார். 2005இல் இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் ஏ.சி. மிலானின் மாற்று வீரர். லிவர்பூல் மூன்று கோல் பின்தங்கியிருந்து மீண்ட அந்த இரவு முழுவதையும் அவர் பெஞ்சில் உட்கார்ந்தே பார்த்தார்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னோடி கல்கத்தாக்காரரான முகம்மது சலீம். 1934 முதல் ஐந்தாண்டு தொடர்ந்து கல்கத்தா லீகை வென்ற முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் ஆட்டக்காரர். 1936இல் கிளாஸ்கோ போய், செல்டிக் மேலாளர் வில்லி மேலியின் முன் ஆடிக் காட்டினார். பூட்ஸ் கிடையாது, துணிக்கட்டுப் போட்ட வெறும் கால். செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக அப்படியே இரண்டு ஆட்டங்கள் ஆடினார். இரண்டிலும் வெற்றி. கிளாஸ்கோ பத்திரிகைகள் அந்தக் கால்களைப் பற்றி வியந்து எழுதின. சலீமுக்கோ ஊர் ஏக்கம், திரும்பிவிட்டார். முதல் அணி ஆட்டங்களை மட்டும் எண்ணும் புள்ளிவிவரத்தில் அவர் கணக்கு பூஜ்யம்.

பல ஆண்டுகள் கழித்து, தந்தை நோய்வாய்ப்பட்டிருந்தபோது செல்டிக்குக் கடிதம் எழுதியதாகச் சலீமின் மகன் சொல்லியிருக்கிறார். பணம் கேட்டு அல்ல. சலீமை அங்கே யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று அறியத்தான். பதிலோடு 100 பவுனுக்கு ஒரு பாங்க் டிராஃப்ட் வந்தது. அதை அவர் மாற்றவே இல்லை. அப்படியே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்.