எண்டாவ் ஆறும் நமது கடமையும்

தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில், ஜொகூர் மாநில மலைக்காடுகளிடையே பிறந்து, தென்சீனக் கடலில் கலப்பது எண்டாவ் ஆறு. இவ்வாற்றின் மேற்பகுதியிலுள்ள காடுகளே எண்டாவ் ரொம்பின் பூங்கா என்று பெயர் பெற்று விளங்குகின்றன. பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும் நம் மாணவச் செல்வங்களின் நினைவுக்கு வரலாம். இதுவோ மனிதர் நட்டு வளர்த்த சோலை அன்று. இயற்கை அன்னை தானே வளர்த்த பெருங்காடு. ஜொகூர்ப் பகுதி மட்டுமே ஏறத்தாழ 49,000 ஹெக்டர் பரப்புடையது. வடக்கே பகாங் மாநிலத்திலும் அக்காடு தொடர்கின்றது. யானையும் புலியும் இருவாட்சிப் பறவையும் அங்கு வாழ்கின்றன. எண்டாவின் பெயரையே தாங்கிய விசிறிப்பனை வகையொன்றும் அங்கு உண்டு.

"காடு நமக்குச் சோறு போடுமா?" என்று தோட்டத்து மக்களாகிய நம்மிற் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண்போம்.

மலைக்காடு மழைநீரை வேரிலும் மண்ணிலும் தேக்கி, சிறிது சிறிதாக ஆற்றுக்கு அளிக்கின்றது. காடு அழிந்தால் மண் கரைந்து ஆற்றை மேடாக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும். கோடையில் நீர் குன்றும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம் ஏற்பட்டு, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறியதை நம் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். பேய்மழையே அதற்கு முதற்காரணம் எனினும், மழையைத் தாங்கும் காடு குறையக் குறைய இத்தகைய துன்பம் கூடும் என்பதில் ஐயமில்லை. தாழ்ந்த நிலத்தில் குடியிருக்கும் ஏழை எளியோரே முதலில் அல்லலுறுகின்றனர்.

இக்காடு தானாகப் பிழைத்துவிடவில்லை. 1977ஆம் ஆண்டில் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வழங்கப்பட்டது. மலாயா இயற்கைக் கழகத்தாரும் பொதுமக்களும் நாளிதழ்கள் வாயிலாகக் குரலெழுப்பினர். மறு ஆண்டே வெட்டுமரப் பணி நிறுத்தப்பட்டது. 1985ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு அக்காட்டின் செல்வத்தை உலகறியச் செய்தனர். 1993இல் ஜொகூர்ப் பகுதி முறைப்படி பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் காடும் மாநில அரசின் பொறுப்பிலுள்ளவை. ஆதலின், அவற்றைக் காக்கும் குரலும் அம்மாநில மக்களிடமிருந்தே எழவேண்டும். அம்மக்களுள் நாமும் அடங்குவோம் அல்லவா?

காலந்தாழ்த்தினால் என்னவாகும் என்பதற்கும் சான்று உண்டு. ஒருகாலத்தில் இக்காட்டில் சுமத்திராக் காண்டாமிருகம் உலவியது. 2019 நவம்பரில் மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் சபாவில் மாண்டது. நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் புலியோ, தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதென 2022இல் அறிவிக்கப்பட்டது.

காடாயிருந்த நிலங்களை இரப்பர்த் தோட்டங்களாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் ஆக்கியதில் நம் முன்னோரின் வியர்வைக்கும் பங்குண்டு. வயிற்றுப்பாட்டுக்காக உழைத்த அவர்களை நாம் குறைகூறோம். ஆயினும், எஞ்சிய காட்டின் அருமை மற்றெவரையும்விட நமக்கன்றோ நன்கு தெரியவேண்டும்!

பூங்காவுக்கு எல்லையுண்டு, ஆற்றுக்கு இல்லை. குளுவாங் நகரைக் கடந்துவரும் மெங்கிபோல் ஆறும், கஹாங் ஆறும் இறுதியில் எண்டாவிலேயே சேர்கின்றன. அவ்வட்டாரத் தோட்டக் கால்வாயில் எறியப்படும் ஒரு களைக்கொல்லிப் புட்டியும் அந்நீரைக் கெடுக்கவல்லது. ஆகவே, மருந்து தெளிக்கும் பம்புகளை ஓடையில் கழுவாதிருப்போம். குப்பையை நீரில் கொட்டாதிருப்போம். திருட்டுத்தனமாக விற்கப்படும் காட்டு விலங்கின் இறைச்சியை விலைகொடுத்து வாங்காதிருப்போம்.

பள்ளிச் சுற்றுலா என்றால் பேரங்காடிகளுக்கு மட்டுமே செல்லும் வழக்கத்தையும் மாற்றவேண்டும். மழைக்காலம் கழிந்தபின் ஒருமுறையேனும் நம் பிள்ளைகளை எண்டாவ் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வோம். ஆற்றோரத்துக் கம்போங் பெத்தாவில் வாழும் ஜக்குன் பூர்வகுடியினர் அக்காட்டை நன்கறிந்தவர்கள். அவர்களிடம் நம் பிள்ளைகள் கற்கவேண்டியவை பல. கண்ணால் கண்டதைத்தான் பிள்ளைகள் நேசிப்பர். நேசித்ததைத்தான் நாளை காப்பர்.

மாணவ மணிகளே! பெற்றோர்களே! எண்டாவ் நமது ஆறு. அதனைத் தூய்மை கெடாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நமது கடமையாகும்.