கல்லாவில் உட்காரும் தரகன்

"ஒரு பட்டன்தானே, ஐயா! அரை நாள் வேலை."

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் போன மாதம் இந்த வார்த்தையைக் கேட்டோம். சொன்னவர் நல்ல பிள்ளை, படித்தவர். சங்கத்தின் சேலைகளை இணையத்தில் விற்க ஒரு கடை அமைத்துக் கொடுக்க வந்தவர். படங்களை ஏற்றிவிட்டார், விலையும் போட்டுவிட்டார். பணம் கட்டும் இடம் ஒன்றுதான் பாக்கி. அங்கே தனியார் கம்பெனி ஒன்றின் 'பணம் செலுத்துக' பட்டனை வைத்துவிட்டால் நாளைக்கே வியாபாரம் தொடங்கிவிடும் என்றார். செலவு? "முன்பணம் ஒரு காசும் வேண்டாம். விற்றால் மட்டும் நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் ஜி.எஸ்.டி."

நூற்றுக்கு இரண்டுதானே என்று பலரும் தலையாட்டினார்கள். தறியிலேயே தலை நரைத்த ஒரு பெரியவர் மட்டும் கேட்டார்: "எந்த நூற்றுக்கு, தம்பி?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை விடாமல் பிடித்துக்கொள்வோம்.

தோழர்களே, "இணையக் கடைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மில்லில் நீங்கள் நூற்ற நூல்தான் அந்தத் தறியில் பாவாகவும் ஊடையாகவும் ஓடுகிறது. வயலில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதை இன்னும் பழக்கமானது. கமிஷன் மண்டியைப் பார்த்திருக்கிறீர்கள். விற்கிறவன் ஒருவன், வாங்குகிறவன் ஒருவன், நடுவே துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கிறவன் ஒருவன். உழுதவன் அவனல்ல; அறுத்தவனும் அவனல்ல; மூட்டையைத் தோளில் சுமந்தவனும் அவனல்ல. ஆனால் மூட்டைக்கு மூட்டை அவனுக்குக் கழிவு உண்டு. அந்தத் துண்டுதான் இப்போது பட்டனாக வந்திருக்கிறது!

பட்டன் என்ன செய்கிறது?

வாங்குகிறவர் சேலையைத் தேர்ந்தெடுத்துப் பட்டனை அமுக்குகிறார். அந்தக் கணமே அவர் சங்கத்தின் கடையில் இல்லை. கம்பெனியின் வாசலில் நிற்கிறார். கார்டு எண்ணைக் கம்பெனி வாங்கி, அவருடைய பாங்கைக் கேட்கிறது. பாங்க் அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண்ணை அனுப்புகிறது. அவர் அதைப் போட்டதும் பணம் புறப்படுகிறது. எங்கே? சங்கத்தின் கணக்குக்கா? இல்லை. கம்பெனி ஒரு பாங்கில் வைத்திருக்கும் 'எஸ்க்ரோ' என்ற பொறுப்புக் கணக்குக்கு. கம்பெனி இந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2020 மார்ச்சில் விதி போட்டது. நல்ல விதிதான். ஆனாலும் சேலை விற்ற பணம் சங்கத்துக்கு வருமுன் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறது. தன் கழிவை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கம்பெனி அனுப்புகிறது. தரகன் முதலில், நெசவாளி பிறகு!

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

ஒரு சேலை ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம் சேர்ந்து வாங்குகிறவர் கட்டுவது ரூ.2,100. கழிவு இந்த 2,100க்குத்தான் கணக்கு. ரூ.42. அந்தக் கழிவின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ரூ.7.56. ஆக ரூ.49.56. அந்த 7.56ஐச் சங்கம் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப்பிள்ளை சொல்வார். சரி, கழிக்கட்டும். 42 எங்கே போயிற்று?

சேலை விலையில் நூல் வாங்கிய காசு இருக்கிறது. சாயக் கூலி இருக்கிறது. நெய்தவரின் கூலி இருக்கிறது. சர்க்காருக்குக் கட்ட வேண்டிய வரியும் இருக்கிறது. இவையெல்லாம் போகச் சங்கத்துக்கு ஒரு சேலையில் நூறு ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறில்தான் 42 போகிறது. நூற்றுக்கு இரண்டு அல்ல, நூற்றுக்கு நாற்பத்திரண்டு! நூல் விலைக்கும் தரகு, கூலிக்கும் தரகு, சர்க்கார் வரிக்கும் தரகு. வரிக்குத் தரகு வாங்குகிற மண்டிக்காரனை நாம் பார்த்ததில்லை.

சேலை பிடிக்கவில்லை என்று வாங்கியவர் திருப்பி அனுப்பினால்? சங்கம் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். கழிவு மட்டும் பெரும்பாலும் திரும்புவதில்லை. பேபால் என்ற அமெரிக்கக் கம்பெனி, திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் தன் கட்டணத்தை வைத்துக்கொள்வது என்று 2019இல் விதியை மாற்றியது. விற்பனையே இல்லை, ஆனால் தரகு உண்டு!

சட்டம் எங்கே போயிற்று?

டெபிட் கார்டுக்குக் கடைக்காரரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் பாங்க் உத்தரவின்படி, ஆண்டு வியாபாரம் ரூ.20 லட்சத்துக்குள் உள்ள சிறு கடைக்காரருக்கு 0.40 சதவிகிதம்; அதற்கு மேல் போனால் 0.90 சதவிகிதம். ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி 1 முதல் இந்தக் கழிவு பூஜ்யம்.

பூஜ்யம்! அப்படியானால் இந்த இரண்டு எங்கிருந்து வந்தது? கேட்டுப் பாருங்கள். "அது கழிவு அல்ல, மேடைக் கட்டணம்" என்பார்கள். "தொழில்நுட்பச் சேவைக் கட்டணம்" என்பார்கள். கதவில் பூட்டுப் போட்டாயிற்று. ஜன்னல் வழியாக வருகிறான். பெயர் மாறினால் காசு மாறுமா?

நியாயமாகப் பேசுவோம். கிரெடிட் கார்டு விஷயம் வேறு. அங்கே கழிவில் பெரும் பங்கு கார்டு கொடுத்த பாங்குக்கும் கார்டுக் கம்பெனிக்கும் போகிறது. கடன் கொடுத்தவனுக்குச் செலவும் உண்டு. ஆனால் யு.பி.ஐ.யில் யார் கடன் கொடுத்தார்கள்? ஒரு பாங்க் கணக்கிலிருந்து இன்னொரு பாங்க் கணக்குக்குப் பணம் நேரே போகிறது. இருநூறு ரூபாய்த் துண்டுக்கும் இருபதாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் யந்திரம் செய்யும் வேலை ஒன்றேதான். தரகு மட்டும் நூறு மடங்கா?

இந்தப் பாதையை யார் போட்டார்கள்? ரிசர்வ் பாங்கும் இந்திய பாங்குகள் சங்கமும் சேர்ந்து 2008இல் தொடங்கிய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். யு.பி.ஐ. 2016இல் ஓட ஆரம்பித்தது. சிறு கடைக்காரர்கள் ரூ.2,000 வரை வாங்கும் பட்டுவாடாவுக்கு ஊக்கத்தொகை என்று 2024-25ஆம் ஆண்டுக்கு ரூ.1,500 கோடியை மத்திய சர்க்கார் ஒதுக்கியது. யார் பணம்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற ஜனங்களின் பணம். பாதை பொதுவில் போட்டது, எண்ணெய் பொதுச் செலவு. வண்டி ஓட்டுவது யார்? யு.பி.ஐ. பட்டுவாடாக்களில் நூற்றுக்குச் சுமார் எண்பது இரண்டே செயலிகளின் கையில். ஒன்று வால்மார்ட்டின் போன்பே, மற்றது கூகிளின் பே. எந்தச் செயலியும் 30 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்று கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. கெடு 2022 இறுதி என்றார்கள். பிறகு 2024 இறுதி என்றார்கள். பிறகு 2026 டிசம்பர் 31 என்றார்கள். கூலிக்காரன் கடன் தவணையை இப்படித் தள்ளிப் போட முடியுமா? அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா?

காசு மட்டும் பிரச்னை என்றால் இவ்வளவு எழுத மாட்டோம். கல்லாச் சாவி யார் கையில் என்பது அதைவிடப் பெரிய பிரச்னை.

2010 டிசம்பரில், அமெரிக்க சர்க்காரின் ரகசியத் தந்திகளை வெளியிட்ட விக்கிலீக்ஸின் கணக்கைப் பேபால் மூடியது. விசாவும் மாஸ்டர்கார்டும் தொடர்ந்து கதவைச் சாத்தின. கோர்ட்டுத் தீர்ப்பு எதுவும் வரவில்லை. கம்பெனிகள் முடிவு செய்தன, முடிந்தது. "அது அரசியல், நமக்கென்ன?" என்பீர்களானால் நம் நாட்டுக்கே வாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பட்டுவாடாவை நிறுத்திக்கொள்வதாகப் பேபால் அறிவித்தது. வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கவனம் செலுத்தப் போகிறதாம். அதை நம்பி உள்நாட்டுக் கடை நடத்தியவர்கள் வேறு பட்டன் தேடி அலைந்தார்கள். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் பாங்குக்கு ரிசர்வ் பாங்க் தடை போட்டது. மார்ச் 15 வரை அவகாசம் கிடைத்தது. விதியை மீறியது பாங்க். ஓடி ஓடிக் கணக்கு மாற்றியது யார்? டீக்கடைக்காரரும் காய்கறி வண்டிக்காரரும்.

இந்தக் கம்பெனிகளின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். 'சந்தேகத்துக்கு இடம்' என்று தோன்றினால் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று ஒரு ஷரத்து இருக்கும். யாருக்குத் தோன்ற வேண்டும்? கம்பெனிக்கு. தீபாவளிக்கு முந்திய வாரம் திடீரென்று நானூறு சேலை விற்றால் அதுவும் யந்திரத்துக்குச் சந்தேகமாகப் படலாம். அந்த வாரந்தான் நெசவாளிக்குக் கூலியும் போனஸும் கொடுக்க வேண்டிய வாரம்!

"இவர்கள் முன்னேற்றத்துக்கு விரோதிகள். பழைய தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்" என்று சிலர் நம்மைக் கேலி செய்வார்கள். நாம் யந்திரத்தை எதிர்க்கவில்லை. சேலை நேரே வாங்குகிறவர் கைக்குப் போனால் நடுவில் நிற்கும் ஜவுளி வியாபாரியின் கை குறையும். அதற்காகவே இணையக் கடையை வரவேற்கிறோம். ஒரு தரகனைத் துரத்திய அதே வாசலில் இன்னொருவனை ஏன் உட்கார வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பட்டனுக்கும் ஓர் உபயோகம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊரார் கார்டு எண்ணைச் சங்கம் வாங்கி வைப்பது ஆபத்து. 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் அதைச் சேமித்து வைக்கவும் கூடாது. வெளிமாநிலத்திலிருந்து கிரெடிட் கார்டில் வாங்க விரும்புகிறவருக்கு ஒரு வழி வேண்டும். வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வாசல் முழுவதையும் அவனுக்கு எழுதிக் கொடுக்காதே என்கிறோம்.

சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். மூன்று மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பணம் கட்டும் பக்கத்தில் முதலில் சங்கத்தின் சொந்தப் பாங்க் கணக்கின் யு.பி.ஐ. முகவரியும் கட்டப்படமும். கழிவு இல்லை, பணம் நேரே சங்கத்துக்கு. அதற்குக் கீழேதான் கார்டுக்காரர்களுக்குக் கம்பெனியின் பட்டன். பட்டனுக்கான நிரல் பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் இருக்கும். யார் எந்தச் சேலையைப் பார்த்தார்கள் என்று கடை முழுதும் சுற்றி வேவு பார்க்க அதற்கு இடமில்லை. வாங்குகிறவரின் போனில் 'பணம் போயிற்று' என்று காட்டும் படத்தை நம்பிச் சேலையை அனுப்புவதில்லை. பாங்க் கணக்கில் வந்தது ஊர்ஜிதமான பிறகுதான் பார்சல். இதற்காகச் சங்கத்தில் வேலை செய்யும் பெண் காலையிலும் மாலையிலும் கணக்கை ஒத்துப் பார்க்க வேண்டும். இது கூடுதல் வேலைதான். அதற்கு அவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று நாம் சொன்னோம், ஏற்றுக்கொண்டார்கள். தரகனுக்குப் போகிற காசில் ஒரு பகுதி உழைக்கிறவருக்குப் போகட்டும்.

கம்பெனி பிடிக்கும் கழிவை 'வங்கிச் செலவு' என்ற பொதுத் தலைப்பில் புதைக்காமல் பேரேட்டில் தனிப் பத்தியில் எழுதி, பொதுக் குழுவில் மாதா மாதம் படிக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். எவ்வளவு போகிறது என்று நெய்கிறவர் காதில் விழட்டும்.

பட்டன் கொண்டுவந்த பிள்ளை மறுவாரம் கம்பெனியின் ஒப்பந்தத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தார். கட்டுக் காகிதம், எல்லாம் இங்கிலீஷ். பணத்தை நிறுத்தி வைக்கும் ஷரத்தில் எத்தனை நாள் என்று எழுதித் தர வேண்டும், ஒப்பந்தத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். யு.பி.ஐ.யில் சேலைகள் விற்றுக்கொண்டிருக்கின்றன. கம்பெனியிடமிருந்து இதை எழுதும் வரை பதில் இல்லை, கையெழுத்தும் ஆகவில்லை.