அறுபதைத் தாண்டினால் ஹாஸ்டல் கட்டில் கிடையாதா?

‘ஹாஸ்டல்’ என்று சொன்னால் புதுக்கோட்டையில் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது காலேஜ் பிள்ளைகள் தங்கும் இடம்தான். அடுத்தது, வேலைக்குப் போகும் பெண்கள் மாத வாடகைக்குத் தங்கும் இடம். மொபைலிலேயே பயணத் திட்டம் போடும் தலைமுறைக்கு அந்தச் சொல்லுக்கு மூன்றாவது அர்த்தமும் தெரியும். ஒரே அறையில் ஆறு அல்லது எட்டு கட்டில், ஒரு கட்டிலுக்கு மட்டும் ஒரு ராத்திரி வாடகை, பொதுக் குளியலறை, முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை. 2013இல் தொடங்கிய ஜோஸ்டல் போன்ற நிறுவனங்கள் இந்த வகை ஹாஸ்டல்களை இந்தியாவில் பரவலாக்கின.

அதே கட்டிலை ஓய்வுபெற்ற அப்பாவோ அம்மாவோ கேட்டால் என்ன ஆகும்? ‘உடம்பில் தெம்பு இருக்கும்போதே நாலு ஊரைப் பார்த்துடணும்’ என்று கிளம்பும் 62 வயதுக்காரர் புக்கிங் பக்கத்தைத் திறந்தால், சில இடங்களில் கட்டில் காலியாக இருக்கும், கீழே வயது வரம்பும் இருக்கும். இது ஒரு தனிமனிதரின் வருத்தம் மட்டுமில்லை. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021இல் 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதமாக உயரும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் மாநிலத்தில், தங்கும் இடம் அவர்களுக்கும் சேர்த்தே யோசிக்கப்பட வேண்டும்.

வயது வரம்பு எங்கிருந்து வந்தது?

ஹாஸ்டல் என்ற ஏற்பாடே மாணவர்களுக்காகப் பிறந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போகும்போது தங்க இடமில்லாமல் அலைந்த அனுபவத்தில் உருவாக்கிய யோசனை அது. 1912இல் ஆல்டேனா என்ற ஊரின் கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. பெயரிலேயே ‘இளைஞர்’ ஒட்டிக்கொண்டது.

ஆனால், பெயர் அப்படியே இருக்க, விதி மாறிவிட்டது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 26 வயதைத் தாண்டிய தனிப்பயணிகளுக்கு இடமில்லை என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 2005இல் அது கைவிடப்பட்டது. இந்தியாவின் இளைஞர் விடுதிகள் சங்கத்திலும் உறுப்பினராக மேல் வயது வரம்பு இல்லை. தாத்தா, பாட்டிகளும் அதன் மலையேற்றப் பயணங்களுக்குப் போகிறார்கள். மேல் வயது வரம்பு இன்று பெரும்பாலும் ‘பேக்பேக்கர்’ என்ற பெயரில் நடக்கும் தனியார் ஹாஸ்டல்கள் சிலவற்றில்தான் இருக்கிறது. அங்கேயும் அது பொதுப் படுக்கை அறைக்கு மட்டும் இருப்பது வழக்கம். தனி அறை எடுத்தால் வயது கேட்பதில்லை. அதாவது, கூடுதல் பணம் கொடுத்தால் வயது மறந்துபோகும்!

சட்டம் இதைத் தடுக்கிறதா?

நேரடியாகத் தடுக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள் போன்ற இடங்களில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது சொல்லும் காரணங்கள் ஐந்துதான்: மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம். இந்தப் பட்டியலில் வயது இல்லை. முதியோருக்கென்று 2007இல் வந்த சட்டமும் பராமரிப்பு, சொத்துப் பாதுகாப்பு போன்றவற்றைத்தான் முக்கியமாகப் பேசுகிறது; பயணம் போகும் முதியவரை அது கற்பனை செய்யவில்லை.

எனவே, ‘உங்க வயசுக்கு இங்க இடம் இல்லைங்க’ என்று ஒரு தனியார் ஹாஸ்டல் சொன்னால், புகார் கொடுக்கத் தெளிவான வழி இல்லை. இதை மாற்ற வேண்டியது முதலில் ஹாஸ்டல் நடத்துபவர்களின் மனசும், அவர்களுக்கு ரேட்டிங் போடும் வாடிக்கையாளர்களின் மனசும்தான்.

புதுக்கோட்டையில் இது ஏன் முக்கியம்?

புதுக்கோட்டை ஒரே நாளில் பார்த்து முடிக்கிற மாவட்டம் இல்லை. வடமேற்கே சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் சுமார் 16, 17 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. இசைக் கல்வெட்டுக்குப் பெயர்பெற்ற குடுமியான்மலை இன்னொரு பக்கம். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் திருமயம் கோட்டை. அறந்தாங்கியைத் தாண்டினால் ஆவுடையார்கோவில். இளைஞர் ஒருவர் பைக்கில் இரண்டு நாளில் சுற்றிவிடலாம். முட்டி வலியோடு டவுன் பஸ்ஸில் போகும் ஒருவருக்கு மூன்று, நான்கு நாள் வேண்டும். வெயில் ஏறும் முன் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம் என்றுதான் அவரால் பார்க்க முடியும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை என்பதால், ஒரு அம்மாவுக்குப் பஸ் செலவு பெரிய விஷயமில்லை. தங்கும் செலவுதான் விஷயம்.

அங்கேதான் சிக்கல். ஒரு பக்கம் கடியாபட்டி சிதம்பர விலாஸ் போன்ற செட்டிநாட்டு மாளிகை ஹோட்டல்கள். அழகானவை, ஆனால் பென்ஷன் பணத்துக்குக் கட்டுப்படியாகாதவை. இன்னொரு பக்கம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜுகள். லாட்ஜுகளில் ‘தனி ஆளுக்கு ரூம் தர்றதில்லை’ என்பது தமிழ்நாடு முழுக்கப் பல ஊர்களில் எழுதப்படாத வழக்கம். தனியாக வருபவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்ற பயம். வந்தவர் வயதானவராக இருந்தால், ‘ராத்திரி உடம்புக்கு முடியாமப் போனா யார் பார்க்கிறது?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குச் சரியான பதில் பொதுப் படுக்கை அறை. பூட்டிய தனி அறையின் பாத்ரூமில் வழுக்கி விழுந்தவரைக் காலையில் ரூம் பாய் தட்டும்வரை யாருக்கும் தெரியாது. ஆறு பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவர் போய் நெடுநேரம் வராவிட்டால் யாராவது கவனிப்பார்கள். பொதுப் படுக்கை அறை இளைஞருக்குச் சிக்கனம். தனியாக வரும் முதியவருக்கு அது பாதுகாப்பு. அதிகம் தேவைப்படுகிறவரையே வெளியே நிறுத்துவதுதான் வயது வரம்பு செய்கிற தவறு.

சேர்ந்து தங்குவது இந்த மண்ணுக்குப் புதுசா?

இல்லை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் குகையில், சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டு வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் அருகே உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

பிற்காலத்தில் ராமேஸ்வரம் யாத்திரை போனவர்கள் இன்றைய மாவட்டத்தின் கடலோரப் பாதையில்தான் நடந்தார்கள். மணமேல்குடி, மீமிசல் போன்ற ஊர்களில் தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் அவர்களுக்கு இடமும் சோறும் கொடுத்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் நோயுற்ற பயணிக்கு வைத்தியம் பார்ப்பதையும், குணமாகும்வரை தங்கவைப்பதையும் விவரித்திருக்கிறார். யாத்திரை என்பது பெரும்பாலும் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, வயதான பிறகு போவதாக இருந்த காலம் அது. முதியவர்தான் முக்கியமான விருந்தாளி.

அந்தக் காலத்தை அப்படியே புகழவும் முடியாது. வயது கேட்காத பல சத்திரங்கள் சாதி கேட்டன. பந்தியும் தனித்தனியாகத்தான் நடந்தது. அந்தக் கேள்வியை அரசமைப்புச் சட்டம் தடை செய்தது. இன்றைய ஹாஸ்டல்களில் பக்கத்துக் கட்டில்காரர் என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. அவ்வளவு பெரிய சுவரை இடித்த பிறகு, பிறந்த வருஷத்தை வைத்து இன்னொரு சுவர் எதற்கு?

ஹாஸ்டல்காரர்கள் சொல்லும் காரணம்

மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இளைஞர்களின் பாட்டும் சிரிப்பும் பெரியவர்களுக்கு ஒத்துவராது. தினமும் புகார் வரும். இரண்டு, வயதான ஆண்கள் இருக்கும் அறையில் இளம்பெண்கள் சங்கடப்படுகிறார்கள். மூன்று, உடல்நல ஆபத்து.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதற்கும் வயது வரம்பு தீர்வு இல்லை. சத்தத்துக்குத் தீர்வு, ராத்திரி 10 மணிக்கு மேல் அறைக்குள் அமைதி என்ற விதி. அதை இளைஞர்களிலேயே பாதிப் பேர் வரவேற்பார்கள். பெண்களின் பாதுகாப்புக்குத் தீர்வு, பெண்களுக்கு மட்டுமான அறையும், புகார் வந்தால் உடனே வெளியேற்றும் துணிச்சலும். தவறாக நடப்பவருக்கு 25 வயது என்றாலும் விதி அதேதான். உடல்நலத்துக்குத் தீர்வு, அவசரத் தொடர்பு எண்ணை வாங்கிவைப்பதும் கீழ்க் கட்டிலைக் கொடுப்பதும்.

பெரியவர்கள் பக்கமும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு எல்லா லைட்டையும் போடுவது, ஸ்பீக்கரில் வீடியோ பார்ப்பது ஆகாது. பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் ‘எந்த ஊரும்மா, என்ன ஆளுங்க, இன்னும் கல்யாணம் ஆகலையா?’ என்று விசாரிப்பதும் ஆகாது. ஹாஸ்டலில் எல்லாரும் ஒரு கட்டிலுக்குச் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு புக் செய்யும்போது...

* பணம் கட்டும் முன், அந்தப் பக்கத்தில் வீட்டு விதிகள் பகுதியைப் படிக்கவும். வயது வரம்பு அங்கேதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் போன் செய்து கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளவும்.
* கீழ்க் கட்டில் உறுதியா, கழிவறை அதே தளத்திலா, உட்காரும் வகைக் கழிவறை உண்டா, இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் உண்டா என்று கேட்கவும்.
* ரயிலில் போவதாக இருந்தால், பெரிய ஸ்டேஷன்களின் ஓய்வறைகளையும் பொதுப் படுக்கைகளையும் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். புதுக்கோட்டைக்குப் போக, திருச்சி ஜங்ஷன் வசதி.
* ஸ்ரீரங்கத்தில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டைக்குக் காலையில் கிளம்பி மாலையில் திரும்பலாம்.
* பட்ஜெட்டில் வரியையும் சேர்க்கவும். 1,000 ரூபாய்க்குக் குறைந்த ஹோட்டல் அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலை 18இல் போனது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதம்.
* முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணை அவர்கள் போனில் பதிந்து கொடுக்கவும்.

என்ன செய்யலாம்?

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20இல் நிறுத்தப்பட்டது. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைந்துகொண்டிருந்த செலவு, இப்போது முழுசாகக் கையைக் கடிக்கிறது. அதனால் தங்கும் செலவிலாவது ஒரு வழி வேண்டும்.

புதுக்கோட்டைக்கு அது பெரிய முதலீடு இல்லை. திருமயம் வட்டாரத்தில் வருஷத்தில் பல மாதங்கள் பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் விரும்பினால், சுற்றுலாத் துறையில் பதிவு செய்த ஹோம்ஸ்டேயாக அதில் ஒரு கூடத்தைத் திறக்கலாம். ஆறு தாழ்வான கட்டில்கள், கைப்பிடி வைத்த பாத்ரூம், பூட்டுப் போட்ட அலமாரி, இரவில் கூப்பிட்டால் வரும் ஒரு ஆள் போதும். பஸ் ஸ்டாண்ட் அருகே நகராட்சியோ அறநிலையத் துறையோ இதைச் செய்தால், தனியாக வருபவர்களும் தயங்காமல் வருவார்கள். எந்த வயதுக்காரருக்கும் அங்கே இடம் உண்டு என்று வாசலிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் நரைத்த தலை தெரிந்தால், ரிசப்ஷனில் போய் முறைக்காமல் ஒரு வணக்கம் சொல்லலாம். ரிவ்யூ எழுதும்போது ‘எல்லா வயதினரும் தங்குகிறார்கள், நல்ல இடம்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். வாடிக்கையாளர் கேட்பதைத்தான் ஹாஸ்டல்கள் விதியாக்குகின்றன. இன்று 30 வயதில் இருப்பவருக்கும் இன்னும் முப்பது வருஷத்தில் கீழ்க் கட்டில்தான் தேவைப்படும்.