குடையில் வந்த ஆயா

மழைக்காலத்தில் நல்லதண்ணிக்கு விருந்தாடச் செல்வோர் மிகச் சிலரே. டிசெம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை ஏறும் அடியார் கூட்டத்தால் நிறைந்திருக்கும் அவ்வூர், ஏனைய மாதங்களில் மழைக்கும் மூடுபனிக்குமே உரியது. உறவினரைக் காண நாம் சென்றதோ கொட்டும் ஆடி மழையில். வெளியே கால் வைக்க வழியில்லாத ஞாயிறன்று, லயத்துச் சிறுவர் ஐவர், அம்மாயி ஒருத்தி, நாம் ஆக எழுவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ‘மேரி பொப்பின்ஸ்’ படத்தைக் கண்டு களித்தோம்.

பி. எல். ட்ரவர்ஸ் அம்மையார் 1934இல் வெளியிட்ட கதையை வோல்ட் டிஸ்னி 1964இல் படமாக்கினார். அடங்காப் பிள்ளைகள் இருவரைப் பார்த்துக்கொள்ள, கீழைக்காற்றில் குடை பிடித்தவாறு வானிலிருந்து ஓர் ஆயா இறங்குகிறாள். சின்னஞ்சிறு கைப்பையிலிருந்து ஆளுயர விளக்கை எடுக்கிறாள். விரலைச் சொடுக்கினால் அறை தானே ஒழுங்காகிறது. ஜூலி அன்ட்றூசுக்கு இதுவே முதற்படம். சிறந்த நடிகைக்கான ஒஸ்காரும் இதனாற் கிடைத்தது. கதாசிரியைக்குத்தான் படம் பிடிக்கவில்லை. எம்முடன் இருந்த ஐவரும் அக்கருத்துக்கு உடன்படார்.

கதை நிகழ்வது 1910ஆம் ஆண்டு இலண்டனில். தந்தை வங்கி உத்தியோகத்தர். மகன் தன் கையிலுள்ள இரண்டு பென்சுக்குப் புறாக்களுக்கு இரை வாங்க விரும்புகிறான். வங்கிப் பெரியோரோ அதை முதலீடு செய்யச் சொல்லிப் பாடுகின்றனர். பணம் பெருகும் இடங்களை அவர்கள் அடுக்கிச் செல்கையில் தேயிலைத் தோட்டங்களும் வருகின்றன! நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவ்வாண்டில் இம்மலைகளிற் கொழுந்தெடுத்தோர் எம் முன்னோரன்றோ? அவர்தம் பிள்ளைகளைப் பார்க்க வானிலிருந்து எவளும் இறங்கவில்லை. இடுப்பில் படங்கும் முதுகில் கூடையுமாக நின்ற தாய்க்குக் குடை பிடிக்கவும் கையில்லை. இரு கைகளும் கொழுந்திலன்றோ இருந்தன! பின்னாளில் பிள்ளைக்காம்பராவும், அங்கே தொட்டில்களை ஆட்டும் ஆயாவும் வாய்த்தனர். ஒரே வேளையில் அழும் பத்துக் குழந்தைகளை ஒருத்தி அடக்குவது மந்திரமன்றி வேறென்ன?

அதுவரை வாய் திறவாதிருந்த அம்மாயி கேட்டாள்:

“ஏங்க, இந்த ஆயாவோட புள்ளைகள யாரு பாத்துக்கிறா?”

எமக்கு விடை தெரியவில்லை. அவள் மகள் வளைகுடா நாடொன்றில் பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறாள். மகளின் பிள்ளையை இவள் வளர்க்கிறாள். கொழும்பு வீடுகளுக்கும் கடல் கடந்தும் இவ்வாறு சென்ற மலையகத் தாய்மார் பலர். படத்தின் முடிவில் தந்தை மனம் மாறிப் பிள்ளைகளுடன் பட்டம் விடுகிறார். பணி முடிந்ததென ஆயா பறந்து போகிறாள். கதையில் பெற்றோர் பிள்ளைகளிடம் திரும்பியதும் ஆயா போகிறாள். இங்கோ பெற்றவளே ஆயாவாகப் போகிறாள். உள்ளூர்ச் சம்பளம் அடுப்பெரியப் போதுமாயின் எந்தத் தாய் போவாள்?

படம் முடிந்தது. அம்மாயியின் பேரன் கிழிந்த குடையொன்றை விரித்து இஸ்தோப்பிலிருந்து குதித்துச் சேற்றில் விழுந்தான். “ஒங்கம்மா வரட்டும், சொல்றேன்!” என்று அம்மாயி அதட்டினாள்.

“அம்மா குடையில வராது அம்மாயி, பிளேன்லதான் வரும்” என்றான் அவன்.

அவ்விமானம் விரைவில் வந்து இறங்குக என வேண்டுவதன்றி நாம் வேறென் சொல்வோம்?